ஓராள் அளவுப் பெட்டி

மூக்கன்திட்டுக் குடியரசின் தேசிய மின்வணிகக் கொள்கை இருநூற்றுப் பதினான்கு பக்கம். நாட்டின் நீளம் ஒன்பது கிலோமீட்டர். அகலத்தை யாரும் வெளியில் சொல்வதில்லை. சொன்னால் அமைச்சர் கஸ்பார் மனம் வருந்துவார்.

அத்தனை பக்கத்தையும் எழுதியவர் வணிகத் துறைச் செயலர் இன்னாசிமுத்து. துறையில் அவரைத் தவிர வேறு யாரும் கிடையாது என்பதால், வரைவுக் குழு, ஆய்வுக் குழு, சரிபார்ப்புக் குழு மூன்றும் அவரே. மூன்று வருடம் எழுதினார். இரவுச் சாப்பாட்டின்போது தாள்களைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனைவி பிலோமிக்கு வாசித்துக் காட்டுவார். தீவின் ஒரே ஐஸ் பிளாண்டை நடத்துகிறவள் பிலோமி. பகல் முழுக்க மீன்காரர்களோடு கத்திவிட்டு வந்து, மனுஷன் வாசிப்பதைக் கேட்டபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

"குடிமக்களின் தேவையைக் குடிமக்கள் உணர்வதற்கு முன்பே அரசு உணர்தல்" என்று ஒருநாள் வாசித்தார்.

"மொதல்ல அடுக்களைக் குழாய் ஒழுகுதத உணருங்க" என்றாள்.

இன்னாசிமுத்துவுக்கு அது பிடித்திருந்தது. 'மக்கள் கருத்து' என்ற தலைப்பின் கீழ் குறித்துக்கொண்டார். குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது.

குடிமக்களின் தேவையை முன்பே உணரும் யோசனை அவருடையது அல்ல. சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் வைதேகியுடையது. கப்பலில் இரண்டு நாள் வாந்தி எடுத்த முகத்தோடு முதல் கூட்டத்துக்கு வந்தவள், உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்.

"சார், உங்க நாட்டுல மின்வணிகம் ஓடாது."

அமைச்சர் கஸ்பாருக்கு முகம் சுண்டிவிட்டது. வணிகம், மீன்வளம், வானிலை மூன்றுக்கும் அவர்தான் அமைச்சர். "ஏன் ஓடாது? நாங்க என்ன, வாங்கத் தெரியாதவங்களா?"

"கப்பல் இருபது நாளைக்கு ஒரு தடவைதான் வருது. இன்னிக்கு ஒருத்தர் குடை வேணும்னு ஆர்டர் போட்டா, அடுத்த கப்பல்ல ஏற்கெனவே சாமான் ஏத்தியிருப்பாங்க. அதுக்கடுத்த கப்பல்லதான் குடை வரும். அதுக்குள்ள மழை நின்னுடும்."

"அப்பம் விமானம்?"

"இறக்கணும்னா நிலம் கொஞ்சம் அகலமா..."

இன்னாசிமுத்து பலமாக இருமினார்.

"ஒரே வழிதான் இருக்கு" என்றாள் வைதேகி. "ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே பொருள் கிளம்பிடணும். மனுஷங்களுக்கு என்ன தேவைன்னு அவங்களுக்குக் கடைசி நிமிஷத்துலதான் தெரியுது. மெஷினுக்கு நாற்பது நாள் முன்னாடியே தெரியும். போன், கரண்டு மீட்டர், தண்ணி மீட்டர், கதவை எவ்வளவு வேகமா சாத்தறாங்க, யார் யாரோட பேச்சைப் பாதியில வெட்டறாங்க, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருக்கும். நூத்துக்குத் தொண்ணூத்தேழு சரியா வரும்."

"மிச்சம் மூணு?"

"அவங்க நடுவுல இறந்துடறாங்க, சார்."

கஸ்பாருக்கு அந்தக் கணக்கு திருப்தியாக இருந்தது. இயந்திரத்துக்கு 'முன்வரவு' என்று பெயர் வைத்தார்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் மூக்கன்திட்டு பிழைத்திருக்கும். ஆனால் எந்தக் கொள்கையிலும் பண்பாட்டுக்கு ஓர் அத்தியாயம் வேண்டுமே. இன்னாசிமுத்து உட்கார்ந்து யோசித்து, கூவலைப் பிடித்துக்கொண்டார்.

கூவல் அந்தத் தீவின் பழைய வழக்கம். முத்துக்குளிக்க வந்து குடியேறிய காலத்தில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. கப்பலில் வந்த பொருள் கை மாறிப் போகாமல் இருக்க, கப்பல் வந்து அணையும் பாலத்தில் ஒருவர் நின்று, சீட்டில் இருக்கிற பெயரையும் பொருளையும் மூன்று முறை உரக்கச் சொல்வார். உரியவர் ஊர் கேட்க "என்னுது" என்று சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் பொருள் பாலத்திலேயே கிடக்கும். வேறொருவர் தொடமாட்டார், மழை வெயிலில் அது மக்கும்வரை போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் எழுதியிருக்கும் பெயரை வாசித்துவிட்டுப் போவார்கள். அதைவிட "என்னுது" என்று சொல்லிவிடுவது மேல். எல்லோரும் படித்துவிட்ட பிறகும் கூவல் நிற்கவில்லை. ஊருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

'பிரிவு இருபத்தொன்பது: முன்வரவுப் பொருள்கள் யாவும் மரபுப்படி கூவியே வழங்கப்படும்' என்று எழுதினார். அடுத்து, யாரும் செல்வாக்கைக் காட்டி விளையாடாதபடி பிரிவு முப்பத்தொன்று: எந்த அதிகாரியும் எந்தப் பொருளையும் நிறுத்தவோ மாற்றவோ கூடாது. கப்பல் வர ஐந்து நாள் இருக்கும்போது சரக்குப் பட்டியல் செயலருக்கு வரும். ஆனால் செயலர் நேர்மையானவராக இருக்க வேண்டும் என்பதால், பிரிவு முப்பத்திரண்டு: அவர் பெயரில் வரும் பொருள் அவருக்கு வரும் பட்டியலில் இராது. இதை எழுதிவிட்டுத் தன் நேர்மையைத் தானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார்.

முதல் கப்பல் பெரிய வெற்றி. முப்பது வயது ரோக்கியின் பெயரில் ஊன்றுகோல் வந்தது. பாலமே விழுந்து விழுந்து சிரித்தது. ரோக்கி வெட்கத்தோடு "என்னுது" என்று வாங்கிப் போனான். இரண்டு வாரத்தில் அவன் அப்பா படியில் சறுக்கி விழுந்தார். வாங்கப்போகிறவர் பெயரில்தான் பொருள் வரும், பயன்படுத்தப்போகிறவர் பெயரில் அல்ல என்று சென்னைக்குத் திரும்பிவிட்ட வைதேகி திரையில் வந்து விளக்கினாள். ஊர் வாயைப் பிளந்தது.

இரண்டாவது கப்பலில் லில்லிக்குத் தொட்டில் வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆனவள். அவளுக்கே அன்றுதான் தெரியும். பாலத்திலேயே உட்கார்ந்து அழுதாள்; சுற்றி நின்ற பெண்களும் அழுதார்கள். கஸ்பார் அந்த அழுகையைப் படம் பிடித்து ஐந்து நாடுகளுக்கு அனுப்பினார்.

மூன்றாவது கப்பலில்தான் சுருதி இறங்கியது. லாசருக்குக் காயக்கட்டுப் பெட்டி, பெரிய அளவு. கேட்டதுமே அவனோடு கடலுக்குப் போகிறவர்கள் மூன்று பேரும், "நீ கொஞ்ச நாள் வீட்டுல இரு, மாப்ள" என்று படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் லாசர் தேங்காய் வெட்டினான். அரிவாள் நழுவி முழங்காலில் இறங்கியது. கட்டுப் பெட்டி சரியாகப் போதுமானதாக இருந்தது. பெட்டி வராமல் இருந்தால் காலில் வெட்டு விழுந்திருக்காதே என்று லாசரின் பெண்டாட்டி இன்னாசிமுத்துவின் அலுவலக வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாள். அவர் வைதேகியிடம் கேட்டார். "பெட்டி வர்றதும் கணக்குல இருக்கு, சார். அது வந்தா இவங்க எப்படி நடந்துக்குவாங்கன்னும் மாடலுக்குத் தெரியும்" என்றாள், பெருமையாக.

அதற்கப்புறம் கப்பல் நாளில் பாலத்துக்கு வருகிறவர்களின் நடை மாறிவிட்டது. தன் பெயர் வரக்கூடாது என்று பாதிப் பேரும், அடுத்தவர் பெயர் வரவேண்டும் என்று எல்லாருமாக நின்றார்கள்.

ஏழாவது கப்பலின் பட்டியல் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. இன்னாசிமுத்து தேநீரைக் குடித்தபடி விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். நூற்றுப் பன்னிரண்டாவது வரியில் விரல் நின்றது.

'பிலோமினா இன்னாசிமுத்து. பயணப்பெட்டி ஒன்று. சக்கரம் வைத்தது. ஓராள் அளவு.'

தேநீரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி வாசித்தார். ஓராள். பத்தொன்பது வருடக் கல்யாணம். பிலோமி தீவை விட்டு வெளியே போனதே இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் அவரோடு. இப்போது தனியாக எங்கே போகப்போகிறாள்? ஏன்? ஊர் முழுக்க நிற்கிற பாலத்தில் கூவுநர் சந்தியாகு அந்த உலக்கைக் குரலில் இதை மூன்று முறை கூவப்போகிறான். அப்புறம் அவள் "என்னுது" என்பாள்.

நேராக அமைச்சரிடம் ஓடினார். வழிகாட்டுக் குழு அவசரமாகக் கூடியது. குழுவில் ஐந்து வாக்கு. மூன்று துறைக்கும் அமைச்சர் என்பதால் கஸ்பாருக்கு மூன்று. மிச்சம் செயலரும், கூவுநர் சந்தியாகுவும்.

"ஒரே ஒரு பெட்டி, ஐயா. கடல்ல தவறி விழுந்திட்டுன்னு சொல்லிப்பிடலாம்" என்று கெஞ்சினார் இன்னாசிமுத்து.

"பிரிவு முப்பத்தொண்ணு என்னவே சொல்லுது?"

"நிறுத்தக் கூடாதுன்னுதான் சொல்லுது."

"எழுதுனது ஆரு?"

"நான்தான்."

"இந்தக் கப்பல்ல ஆறு தீவு நாட்டுக்காரங்க நம்ம திட்டத்தப் பாக்க வாராவ. தொண்ணூத்தேழு தொண்ணூத்தாறாச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்க முன்னாடி நிப்பேன்?" கஸ்பார் மூன்று கையையும் தூக்காத குறையாக எதிர்த்து வாக்களித்தார்.

"கூவாமலாவது குடுத்திரு, சந்தியாகு. வீட்டுல கொண்டு வந்து போட்டிரு."

சந்தியாகுவுக்கு உண்மையிலேயே வருத்தம்தான். ஆனாலும் தலையை ஆட்டினான். "எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து ஒரு சீட்டக்கூட விட்டதில்ல, அண்ணாச்சி. அதுவும் நீங்கதான் அதச் சட்டமாக்கித் தந்திய. போன மாசம்கூட ஒங்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்."

வேறு வழியில்லாமல் இன்னாசிமுத்து நல்ல கணவராக இருப்பது என்று முடிவு செய்தார். ஐந்து நாள் இருக்கிறது. பெட்டி வரட்டும், போகத் தோன்றாதபடி செய்துவிட்டால் போதும்.

வெள்ளிக்கிழமை குழாயைச் சரிசெய்யக் குறடோடு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்தபோது அது இரண்டு இடத்தில் ஒழுகியது. சனிக்கிழமை ஐஸ் பிளாண்டுக்குச் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு போய் நின்றார். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வழியில், "இந்தச் சேல ஒனக்கு நல்லாருக்கு, பிலோமி" என்றார்.

"இது நாலு வருசமா கட்டுத சேல." பிலோமி நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். "ஒடம்புக்கு எதுவும் முடியலயா? டாக்டர்ட்ட போனியளா? எங்கிட்ட என்னத்த மறைக்கிய?"

"ஒண்ணுமில்லயே."

"ஒண்ணுமில்லாம எதுக்குச் சோறு தூக்கிட்டு வந்திய?"

இருவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பயம் அன்று முழுக்க வீட்டில் சுற்றியது. மறுநாள் அவர் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வைதேகியைத் திரையில் அழைத்தார். ஒரு குடிமகளைப் பற்றிப் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார். வைதேகி நாகரிகமானவள், அவரும் பொதுவாகக் கேட்பதாகவே வைத்துக்கொண்டாள்.

"பெட்டியை ஏத்தும்போது எண்பத்தொண்ணு சதவீதம் இருந்தது, சார். வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஏறிட்டே போகுது. இப்போ தொண்ணூத்தி நாலு."

"அதெப்படி? அந்த வீட்டுக்காரர் ரொம்ப அன்பால்லா நடந்துக்கிடுதாரு!"

"அதுதான் காரணம்னு காட்டுது. அந்த வீட்டு டேட்டால அது ரொம்ப அசாதாரணமான நிகழ்வு."

"அவ எங்க போறான்னு தெரியுமா?"

"எங்கே, யார், எதுக்குன்னெல்லாம் மாடல் சொல்லாது. பொருள் மட்டும்தான்." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தன் குரலில் கேட்டாள்: "சார், அவர் அந்தம்மாகிட்டயே கேட்டுப் பார்க்கலாமே?"

இன்னாசிமுத்து அந்த யோசனையைக் கேட்டுச் சிரித்துவிட்டார். தொண்ணூற்றேழு சதவீதம் சரியாகச் சொல்லும் இயந்திரத்தை விட்டுவிட்டு ஆளிடம் போய்க் கேட்பதா? அதோடு, கேட்டு அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

செவ்வாய்க்கிழமை கப்பல் வந்தது. ஆறு நாட்டுக்காரர்களும் கழுத்தில் சங்குமாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பிலோமி ஐஸ் பிளாண்டிலிருந்து நேரே வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி பெண்கள் பக்கம் நின்றாள். சந்தியாகு ஏறி நின்று சீட்டுகளை எடுத்தான். ஒருவருக்கு வலைநூல். ஒருவருக்குப் பல்செட். அப்புறம் ஒரு சீட்டை எடுத்து, ஒரு கணம் இன்னாசிமுத்துவைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டான்.

"பிலோமினா இன்னாசிமுத்து! பயணப்பெட்டி ஒண்ணு! சக்கரம் வச்சது! ஓராள் அளவு!"

பாலம் அடங்கிவிட்டது. இரண்டாம் முறை கூவினான். மூன்றாம் முறையும் கூவினான். பிலோமி பெட்டியைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் புருஷனைத் தேடினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுது" என்றாள்.

அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு நாலடி போவதற்குள் அடுத்த சீட்டு வந்தது.

"இன்னாசிமுத்து! சோறு வைக்கித கரண்டு குக்கர் ஒண்ணு! ஓராளுக்கு!"

ஆறு நாட்டுக்காரர்களுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தன் பெயர் பட்டியலில் ஏன் இல்லை என்பது இன்னாசிமுத்துவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிரிவு முப்பத்திரண்டு. "என்னுது" என்ற சொல் அவர் வாயிலிருந்து காற்றாகத்தான் வந்தது. ஊர் கேட்கவேண்டும் என்பதால் சந்தியாகு மறுபடி சொல்லச் சொன்னான்.

பிலோமி வீடு போய்ச் சேர்வதற்குள் மூன்று பேர் வழிமறித்தார்கள். ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதாள். ஒருவர் இனி ஐஸ் பிளாண்டை யார் பார்ப்பார்கள் என்று விசாரித்தார். மூன்றாமவள் வாசலில் நிற்கிற கறிவேப்பிலைச் செடியைப் பெயர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பிலோமி பெட்டியை இழுத்துக்கொண்டே நடந்தாள்.

இன்னாசிமுத்து வந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பெட்டி. அடுக்களையில் குழாய் இரண்டு தாளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் எங்கன போப்போறேன்னு ஒக்காந்து யோசிச்சிட்டு இருக்கேன்" என்றாள். "ஒரு எடமும் தோணல. அக்கா வீட்டுக்குப் போனா ரெண்டு நாள்ல சண்ட வரும். எனக்கு இங்கன ஆயிரம் வேல கெடக்கு."

அவருக்கு உயிர் வந்தது. "அப்பம் மெஷினு தப்பாச் சொல்லிருக்கு! மூணு சதவீதம் தப்பு வரும்லா!"

அவள் அவரையே பார்த்தாள். "ஒங்களுக்கு முன்னாடியே தெரியும், என்ன? பாலத்துல என் மூஞ்சியப் பாக்கலயே நீங்க."

அவர் குழாய்ச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார்.

"எப்பத்துல இருந்து?"

"வியாழக்கெழம."

"சோறு தூக்கிட்டு வந்தது, சேல நல்லாருக்குன்னது, எல்லாம் அதுக்குத்தானா?" அவள் குரல் உயரவில்லை. "ஒங்களுக்கு என்னவோ நோவுன்னு நான் மூணு நாளா செபமால உருட்டிட்டு இருந்தேன். வேற யாருக்குத் தெரியும்?"

"கமிட்டிக்கு."

"கமிட்டின்னா?"

"கஸ்பார் ஐயா, சந்தியாகு. அப்புறம் மெட்ராஸ்ல அந்தப் பொண்ணு."

பிலோமி விரல் விட்டு எண்ணினாள். "நான் ஒங்கள விட்டுட்டுப் போப்போறேன்னு அமைச்சருக்குத் தெரியும், கூவுதவனுக்குத் தெரியும், மெட்ராஸ்ல இருக்குத பொண்ணுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. கமிட்டியக் கூட்டத் தெரிஞ்சுதே. போப்போறியா பிலோமின்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டன்னா?"

"இல்லன்னு சொல்லிருப்பேன்" என்றாள். "வியாழக்கெழம கேட்டிருந்தா இல்லன்னு சொல்லிருப்பேன்."

அவள் எழுந்தாள். பெட்டியைக் கட்டில்மேல் வைத்துத் திறந்தாள். அலமாரியைத் திறந்தாள். அவருடைய வெள்ளைச் சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைக்கத் தொடங்கினாள்.

"பிலோமி, அதெல்லாம் என் சட்டைல்லா?"

"ஆமா. இது எங்க அப்பா கெட்டுன வீடு. நான் எதுக்குப் போவணும்?"

ஐந்து சட்டை, நான்கு வேட்டி, செபப்புத்தகம், இருநூற்றுப் பதினான்கு பக்கக் கொள்கை. எல்லாம் வைத்து மூடியபோது பெட்டி கொஞ்சமும் பிதுங்கவில்லை, இடமும் மிஞ்சவில்லை. பெட்டியின் அளவு அவ்வளவு கச்சிதம். வாசல்வரை அவளே இழுத்து வந்து தந்தாள். அழுதாள்தான். ஆனால் கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அதையும் எங்கோ ஓர் இயந்திரம் குறித்துக்கொண்டிருக்கும்.

இன்னாசிமுத்து அலுவலகத்துக்குக் குடிபோனார். வரைவுக் குழுவின் மேசையில் படுக்கை, சரிபார்ப்புக் குழுவின் மேசையில் குக்கர். முதல் நாள் சோறு கஞ்சியாகிவிட்டது. இரண்டாம் நாள் அரிசி வேகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், வெகு நேரம் யோசித்துவிட்டு, பிலோமிக்கு போன் செய்தார்.

"தண்ணி எவ்வளவு வைக்கணும்?"

மறுமுனையில் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது. "ஒண்ணுக்கு ரெண்டு" என்றாள். போனை வைக்காமல் இருந்தாள்.

பத்தொன்பது வருடத்தில் அவளிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது இதுதான் முதல் தடவையோ என்று அவருக்குத் தோன்றியது. மனம் கொஞ்சம் துணிந்தது. இன்னொன்று கேட்டார்.

"குழாய் இன்னும் ஒழுகுதா?"

"இல்ல. ரோக்கியக் கூப்பிட்டேன், வந்து மாத்திக் குடுத்துட்டான். கா மணி நேர வேல." சற்றுப் பொறுத்து, "சரி, வச்சிருதேன். படகு வந்திட்டு" என்றாள்.

குக்கரில் தண்ணீரை அளந்து ஊற்றினார். ஒன்றுக்கு இரண்டு. திரையில் ஏதோ ஒலித்தது. முன்வரவிலிருந்து வாடிக்கையாளர் கருத்துப் படிவம். ஒவ்வொரு கப்பலுக்குப் பிறகும் மூன்றாம் நாள் எல்லோருக்கும் போகிற படிவம்தான். நிரப்பாவிட்டால் நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

'உங்கள் பொருள் உங்களுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் வந்து சேர்ந்ததா?'

கீழே இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'ஆம்'. மற்றதில் 'மிகவும் ஆம்'. 'இல்லை' என்ற கட்டம் மக்களை வீணாகக் குழப்பும் என்று நூற்றுத் தொண்ணூற்றொன்பதாம் பக்கத்தில் காரணம் காட்டி அதை நீக்கியவர் இன்னாசிமுத்துதான்.

இருந்திருந்தாலும் அதைத் தொட்டிருக்க முடியாது. குக்கர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. அவர் 'ஆம்' என்பதை அழுத்தினார்.